முதல் காட்டேரி நாவல்: நான்கில் எதை எடுப்பது?

"அக்கா, ஒரு காட்டேரி நாவல் படிக்கணும்னு ஆசை. ஆனா பயமா இருக்கு. எதுல ஆரம்பிக்கட்டும்?"

எங்கள் வாசிப்புக் குழுவில் ஒரு தங்கை கேட்டது இது. குடும்ப நாவல்களும் வாழ்க்கை வரலாறுகளும் மட்டுமே படித்து வந்தவள். அவளுக்கு முன்னால் இன்னும் மூன்று நான்கு பேர் இதையே வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் சிக்கி நிற்கும் இடம் ஒன்றுதான். 'டிராகுலா'விலிருந்து முறைப்படி தொடங்குவதா, அல்லது சிரிப்பும் திகிலும் கலந்த இன்றைய நாவல் ஒன்றில் நேராக இறங்கிவிடுவதா? சிறியதாக ஏதாவது எடுத்து முதலில் ஆழம் பார்ப்பதா?

நானும் சில ஆண்டுகளுக்கு முன்புவரை திகில் கதை இருக்கும் அலமாரிப் பக்கம் போகாதவள்தான். அதனால் இந்தத் தயக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். காட்டேரி நமக்கு முற்றிலும் அந்நியம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வேதாளக் கதைகளை ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, வேதாளத்துக்கு 'வாம்பயர்', அதாவது காட்டேரி, என்றே தலைப்பில் பெயர் கொடுத்தார். நம் வேதாளம் ரத்தம் குடிப்பதில்லை, கேள்வி கேட்கிறது. ஆனாலும் பேசும் பிணத்தைத் தோளில் சுமந்துகொண்டு சுடுகாட்டு வழியே நடப்பதும், அந்தப் பிணம் சொல்லும் கதையைக் கேட்டு ரசிப்பதும் அம்புலிமாமா படித்த எவருக்கும் சின்ன வயதிலேயே பழகிய விஷயம். பயத்தையும் வேடிக்கையையும் ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட்டவர்கள்தான் நாம்.

## எதை வைத்து எடை போடுவது

'பயமாக இருக்குமா' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தப் பயம் என்று பிரித்துக் கேட்க வேண்டும். இதற்குத் தொல்காப்பியத்தைவிட நல்ல அளவுகோல் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. அச்சம் நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது அதன் மெய்ப்பாட்டியல்: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறை". அணங்கு, மனிதனுக்கு அப்பாற்பட்டது. விலங்கு, உடம்பைக் கடிப்பது. கள்வர், வீட்டுக்குள் புகுந்து எடுத்துப் போகிறவர்கள். இறை, நம்மேல் அதிகாரம் உள்ளவர். காட்டேரி நாவல் என்றதும் அணங்கைப் பற்றி மட்டும் யோசிக்கிறோம். உண்மையில் பலரையும் பாதியில் புத்தகத்தை மூட வைப்பது மற்ற மூன்றும்தான். உங்களுக்கு இந்த நான்கில் எது ஒத்துக்கொள்ளாது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, சிரிப்பு. அவல நகைச்சுவை என்றால் பயம் குறைவாக இருக்கும் என்று எண்ணி எடுக்கிறவர்கள் நிறைய. சில நாவல்களில் அது சரி. வேறு சிலவற்றில் சிரிப்பு நம்மை அசந்திருக்க வைத்து, அடுத்த பக்கத்தில் அடிக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி வாங்கினால் ஏமாற்றம்தான்.

அப்புறம் ஆங்கிலம், நேரம், பணம். இவை சின்ன விஷயங்களாகத் தெரியும். ஆனால் பழக்கமில்லாத வகை நாவலை நாம் கைவிடுவது பெரும்பாலும் பயத்தால் அல்ல, நடை ஓடாததால்.

## டிராகுலா

1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் நாவல். முழுக்க நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் துண்டுகள், ஒரு கப்பலின் பதிவேடு ஆகியவற்றால் ஆனது. முதல் நான்கு அத்தியாயங்கள் ஜொனாதன் ஹார்க்கர் என்ற இளம் வழக்கறிஞன் டிரான்சில்வேனியக் கோட்டையில் எழுதிய நாட்குறிப்பு. இந்த நான்கையும் எவரும் படிக்கலாம், படிக்கவும் வேண்டும்.

யாரும் எதிர்பாராத ஒன்று, அதில் இருக்கும் வேடிக்கை. ஆபத்தை நோக்கிப் போய்க்கொண்டிருப்பவன், வழியில் சாப்பிட்ட மிளகாய்ப்பொடி போட்ட கோழிக்கறி தாகம் எடுக்க வைத்தது என்று குறித்து, தான் மணக்கப்போகும் மீனாவுக்காகச் சமையல் குறிப்பு கேட்டு வாங்க வேண்டும் என்றும் எழுதி வைக்கிறான். கோட்டையில் வேலைக்காரர் ஒருவரையும் காணோம். ஒருநாள் கோட்டைக்கு உரிமையாளரான டிராகுலா பிரபு தானே படுக்கையைத் தட்டிப் போடுவதை ஹார்க்கர் பார்த்துவிடுகிறான். கதவு இடுக்கு வழியாக, அவர் சாப்பாட்டு மேசையை ஒழுங்குபடுத்துவதையும் பார்க்கிறான். சிரிப்பு வரும். உடனே அதன் பொருள் புரியும். இந்தப் பெரிய கோட்டையில் அவனும் அதுவும் மட்டும்தான். என் முதுகு சில்லிட்டது அந்த இடத்தில்தான், ரத்தத்தைக் கண்ட இடத்தில் அல்ல.

மறைமுகச் செலவு, ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குகிறது. பிரபு கதையின் மேடையை விட்டு ஏறக்குறைய இறங்கிவிடுகிறார். நல்லவர்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். காட்டேரியை எதிர்க்க வரும் டச்சுப் பேராசிரியர் வான் ஹெல்சிங்கின் உடைந்த ஆங்கிலமும், இங்கிலாந்தின் விட்பி ஊர்க் கிழவரின் வட்டார வழக்கும் நம்மைப் போல ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கிறவர்களுக்குப் பெரிய முட்டுக்கட்டை. 27 அத்தியாயங்கள். தினம் ஒரு மணி நேரம் படித்தாலும் இரண்டு வாரம் ஆகும்.

இதற்கு ஒரு வழி உண்டு. கதை மே 3ஆம் தேதி தொடங்கி நவம்பர் முதல் வாரத்தில் முடிகிறது. ஏறக்குறைய எல்லாப் பதிவுக்கும் தேதி இருக்கிறது. அந்தந்தத் தேதியில் அந்தந்தப் பதிவை மட்டும் படித்தால் ஆறு மாதம் மெல்ல ஓடும். சில நாள் ஒரு பத்தி, சில நாள் இருபது பக்கம், சில நாள் ஒன்றுமே இல்லை. கடிதம் வரக் காத்திருக்கும் பதற்றம் அப்படிப் படித்தால்தான் கிடைக்கும். காப்புரிமை முடிந்த நூல் என்பதால் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது.

பொறுமையும், இந்த வகை எங்கிருந்து வந்தது என்று அறியும் ஆர்வமும் உள்ளவர்களுக்கு இதுதான் சரி. ஒரு சுவையான செய்தி: இந்த நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறார். சூரிய ஒளி பட்டால் அழியும் காட்டேரியை 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படம்தான் பரப்பியது.

## கார்மில்லா

டிராகுலாவுக்கு 25 ஆண்டு முன்னால், 1872இல் நூலாக வந்த குறுநாவல். எழுதியவர் டப்ளின்காரரான ஷெரிடன் லெ ஃபானு. ஆஸ்திரியாவின் ஸ்டீரியா பகுதியில், காட்டு நடுவே தனித்திருக்கும் மாளிகை. அப்பாவோடு தனியாக வளரும் லாரா என்ற பெண். வாசலில் ஒரு வண்டி கவிழ்கிறது, அதிலிருந்த அழகான பெண் விருந்தாளியாகத் தங்குகிறாள். இவ்வளவுதான் கதையின் ஆரம்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும், முடித்துவிடலாம்.

பெரும்பாலும் அணங்குதான். கோரம் மிகக் குறைவு. சிரிப்பும் குறைவுதான், ஆனால் ஓரிடம் மறக்காது. ஊர் ஊராகப் போய் வித்தை காட்டும் கூனன் ஒருவன் மாளிகை முற்றத்தில் நிற்கிறான். மேலே சன்னலில் இருக்கும் விருந்தாளிப் பெண்ணைப் பார்த்து, அம்மணிக்குப் பல் ஊசி மாதிரி இருக்கிறது, என்னிடம் அரம் இருக்கிறது, மழுக்கித் தரட்டுமா என்று வியாபாரம் பேசுகிறான். அவள் கோபத்தில் கொதிக்கிறாள். பக்கத்தில் நிற்கும் லாராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, நமக்கு விளங்கிவிடுகிறது.

குறை ஒன்று. வாசகருக்குப் பத்து நிமிடத்தில் தெரிவது கதாபாத்திரங்களுக்குத் தெரியக் கடைசி வரை ஆகிறது. நிதானமாகப் போகும் பழைய நடையும் எல்லாருக்கும் பிடிக்காது. ஆனாலும் கோரமும் கள்வர் வகை அச்சமும் ஆகாது என்பவர்களுக்கும், 'நம்மால் முடியுமா' என்று சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இதுவே நல்ல படிக்கட்டு. இதுவும் இலவசம்.

## ப்ளட்சக்கிங் ஃபீண்ட்ஸ்

கிறிஸ்டஃபர் மூர் 1995இல் எழுதியது. சான் பிரான்சிஸ்கோவில் அலுவலக வேலை பார்க்கும் ஜோடி என்ற பெண், ஓர் இரவு தாக்கப்பட்டு, குப்பைத் தொட்டிக்கு அடியில் காட்டேரியாகக் கண் விழிக்கிறாள். இனி பகலில் வெளியே போக முடியாது. அப்படியென்றால் வீடு பிடிப்பது, வண்டியை மீட்பது எல்லாம் எப்படி? பகல் வேலைகளுக்கு ஓர் ஆள் வேண்டும். எழுத்தாளன் ஆகும் கனவோடு அந்த ஊருக்கு வந்து, பல்பொருள் அங்காடியில் இரவுப் பணி செய்யும் டாமி அகப்படுகிறான். அவனும் கூட்டாளிகளும் உறைந்த வான்கோழியைத் தரையில் உருட்டிப் பந்து விளையாடுகிறவர்கள்.

நான்கில் மிக இலகுவானது இதுதான். இங்கே சிரிப்பு பயத்தைக் குறைக்கிறது. காட்டேரியாக வாழ்வதன் அன்றாடத் தொல்லைகள்தான் கதை. ஆங்கிலமும் பேச்சு நடையில் ஓடும்.

செலவு என்ன? அந்தக் கால நகைச்சுவை சில இடங்களில் கெட்டுப்போயிருக்கிறது. டாமியின் அறையில் வோங் என்று ஒரே பெயர் கொண்ட ஐந்து சீனர்கள், குடியுரிமைக்காக அவனைத் திருமணம் செய்துகொள்ளத் துடிக்கிறார்கள். வெளிநாட்டில் விசாவுக்குத் தவித்த தமிழர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். அந்தப் பக்கங்களைச் சிரித்துக்கொண்டு கடக்க என்னால் முடியவில்லை. தவிர, இது மூன்று நாவல் வரிசையில் முதலாவது. ஒன்றை வாங்கினால் மற்ற இரண்டும் பின்னாலேயே வரும். ரயில் பயணத்துக்கு, மனம் களைத்த வாரத்துக்கு, திகிலைவிடக் காதல் கதையைத் தேடுகிறவர்களுக்கு நன்றாக இருக்கும். காட்டேரி நாவலால் என்ன செய்ய முடியும் என்று அறிய விரும்பினால் இது போதாது.

## த சதர்ன் புக் கிளப்ஸ் கைடு டு ஸ்லேயிங் வாம்பயர்ஸ்

கிரேடி ஹென்ட்ரிக்ஸின் இந்த நாவல் 2020இல் வெளியானது. நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரத்துக்கு ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள மவுண்ட் பிளசன்ட். 1980களின் கடைசியில் தொடங்கி 90களில் நடக்கும் கதை. பட்ரீஷியா முன்பு செவிலியர், இப்போது இல்லத்தரசி. கணவன், இரண்டு பிள்ளைகள், நினைவு தப்பிப்போன மாமியார். முதல் காட்சியிலேயே அவள் மனதில் ஒட்டிவிடுகிறாள். வாசிப்புக் குழுவில் அன்று பேச வேண்டியவள் அவள். ஆனால் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை, வீட்டு வேலை விடவில்லை. ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. குழு நடத்தும் யாருக்கும் அந்தக் கணத்தின் வியர்வை தெரியும். பிறகு அவளும் வேறு சில பெண்களும் சேர்ந்து தனிக் குழு தொடங்கி, உண்மைக் கொலை வழக்குகளைப் பற்றிய புத்தகங்களாகப் படித்துத் தள்ளுகிறார்கள். அப்போதுதான் அந்தத் தெருவுக்கு ஜேம்ஸ் ஹாரிஸ் குடிவருகிறான்.

டிராகுலாவைத் தன் அம்மாவோடு மோதவிட நினைத்ததாக ஹென்ட்ரிக்ஸ் முன்னுரையில் சொல்கிறார். நாவலின் சிரிப்பும் திகிலும் அந்த ஒரு எண்ணத்திலிருந்து வருகின்றன. உதாரணத்துக்கு ஒரு காட்சி. துக்கம் நடந்த வீட்டுக்குச் சமைத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பட்ரீஷியா போகிறாள், அது அந்த ஊர் மரியாதை. உள்ளே ஜேம்ஸ் ஹாரிஸ் பேச்சு மூச்சின்றிக் கிடக்கிறான். செவிலியர் அல்லவா, உடனே மண்டியிட்டு நெஞ்சை அமுக்கி முதலுதவி செய்கிறாள். பகலில் உறங்கும் காட்டேரியை உயிர்ப்பிக்கப் பாடுபடுகிறாள்! நமக்குச் சிரிப்பு பொங்குகிறது, அவள் கைகளோ அவன் மார்பின்மேல் இருக்கின்றன. வீட்டார் அழைக்காமல் காட்டேரி உள்ளே வர முடியாது என்பது பழைய விதி. வாசலுக்கு வந்தவரை 'உள்ளே வாங்க' என்று சொல்லாமல் இருப்பது பண்பாடு இல்லை என்று வளர்க்கப்பட்ட பெண்களிடம் அந்த விதி என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்களை எனக்குத் தெரியும். நம் தெருவில் இருக்கிறார்கள்.

தொல்காப்பியத்தின் நான்கு அச்சமும் ஒரே நாவலில் இங்கேதான் கூடி வருகின்றன. அணங்கு வந்தாயிற்று. விலங்கு, எலிகள். மாமியாரின் அறைக்குள் எலிக்கூட்டம் நுழையும் அத்தியாயத்தை நான் இரவு பதினொரு மணிக்குப் படித்தேன். நடுவில் எழுந்துபோய்ச் சமையலறையின் பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டேனா என்று பார்த்துவிட்டு வந்து, நின்றுகொண்டே மீதியைப் படித்தேன். கள்வர், அந்தத் தெருவின் பணத்தையும் பிள்ளைகளையும் மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுப்பவன். கடைசியாக இறை. இதுதான் நாவலின் நெஞ்சு. பட்ரீஷியாவின் கணவர் மனநல மருத்துவர். அவள் கண்ட உண்மையைச் சொன்னால், அது அவருக்கு நோயின் அறிகுறி. தெருவின் கணவன்மார்கள் எல்லாரும் புதியவன் பக்கம் நிற்கிறார்கள். பக்கத்திலேயே சிக்ஸ் மைல் என்ற கறுப்பினக் குடியிருப்பில் குழந்தைகள் சாகிறார்கள், அதை முதலில் கண்டுபிடித்தவர் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வரும் திருமதி கிரீன். அவர் சொல்வதை ஊர் காதில் வாங்குவதில்லை. வெள்ளைக்காரத் தோழிகளும் தங்கள் வீட்டுக்கு ஆபத்து வரும்வரை முழுமனதாக வாங்குவதில்லை. என் கண்ணில் நீர் வந்தது அங்கேதான். காட்டேரியைவிட, சொன்னதை நம்ப மறுக்கும் நல்ல மனிதர்களைக் கண்டுதான் நான் பயந்தேன்.

செலவை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கலகலப்பான அட்டையும் தலைப்பும் இதைச் சொல்லாது. எலி, கரப்பான். முதியவர் படும் துன்பம். குழந்தைகளின் மரணம். தற்கொலை முயற்சி. பெண் ஒருத்தியின் மேல் பாலியல் வன்முறை. முடிவில் வெட்டும் ரத்தமும் நிறைய. இவற்றில் ஏதாவது உங்கள் வாழ்க்கையின் காயத்தைத் தொடும் என்றால், இதை எடுக்காதீர்கள். சவால் என்று நினைத்துப் படிக்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. இங்கே சிரிப்பு பஞ்சு மெத்தை இல்லை. முதல் நூறு பக்கம் சிரிக்க வைப்பதே, அந்தத் தெருவை நம் தெருவாக்கத்தான்.

நடை மிக எளிது. பெரிய நாவல்தான், ஆனால் எனக்கு ஒன்பது இரவில் முடிந்தது. புத்தகமாக வாங்குவது அதிகச் செலவு என்றால், மின்நூலின் இலவச மாதிரிப் பக்கங்களை முதலில் பாருங்கள். தொடக்கக் காட்சியே உங்களுக்கு ஒத்துவருமா என்று காட்டிவிடும்.

## பக்கத்தில் பக்கமாக

| நாவல் | மேலோங்கும் அச்சம் | சிரிப்பு | ஆங்கில நடை | பணம் |
|---|---|---|---|---|
| டிராகுலா (1897) | அணங்கு | எதிர்பாராமல், முதல் பகுதியில் | கடினம் | இலவசம் |
| கார்மில்லா (1872) | அணங்கு | மிகக் குறைவு | பழையது, ஆனால் சிறியது | இலவசம் |
| ப்ளட்சக்கிங் ஃபீண்ட்ஸ் (1995) | லேசாக அணங்கு | நிறைய, பயத்தைக் குறைக்கும் | பேச்சு நடை | விலைக்கு, வரிசையாக மூன்று |
| புக் கிளப் நாவல் (2020) | நான்கும் | நிறைய, பயத்தைக் கூர்மையாக்கும் | எளிது | விலைக்கு |

யான் அய்விடே லிண்ட்க்விஸ்ட்டின் ஸ்வீடிய நாவலை, அதான் 'லெட் த ரைட் ஒன் இன்', ஏன் சேர்க்கவில்லை என்று குழுவில் கேட்டார்கள். 1981இல் ஸ்டாக்ஹோம் புறநகரான பிளாக்கபெர்கில் நடக்கும் அருமையான கதை. ஆனால் குழந்தைகள் மீதான வக்கிரம் அதில் நேராக வருகிறது. முதல் நாவலாக அதை யாருக்கும் நான் கொடுக்க மாட்டேன்.

## யாருக்கு எது

குழுவாகப் படிப்பதென்றால் தயங்காமல் புக் கிளப் நாவல். பேசித் தீராது. ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம், அதுவும் பகலில் அல்லது மாலையில். எலி அத்தியாயம் எப்போது வரும் என்று முன்பே படித்த ஒருவர் சொல்லிவிட வேண்டும். தெரிந்துகொண்டு போனால் சுவை கெடாது, காலை ஊன்றி நிற்கலாம். தனியாகப் படிக்கிறவர், தூக்கம் மெலிதானவர் என்றால் கார்மில்லா. அதுவே பிடித்துப்போனால் டிராகுலாவின் முதல் நான்கு அத்தியாயம், பிறகு விருப்பப்படி. வீட்டில் முதியவரைப் பராமரித்துக்கொண்டிருப்பவர்கள் புக் கிளப் நாவலை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அந்தப் பக்கங்கள் மிகவும் பக்கத்தில் வந்து நிற்கும்.

கேள்வி கேட்ட தங்கைக்கு நான் கார்மில்லாவைத்தான் முதலில் அனுப்பினேன். ஞாயிறு இரவே முடித்துவிட்டு, "இவ்வளவுதானா, நீங்க சொன்ன அந்த எலி புத்தகத்தைக் குடுங்க" என்றாள். நேற்றுக் கொடுத்துவிட்டேன். அந்த அத்தியாயம் தொடங்கும் பக்கத்தில் பேருந்துச் சீட்டு ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன். அதைக் கண்டதும் மணி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். விளக்கு வைத்த பிறகு என்றால் மூடிவிட்டு, காலையில் தொடரட்டும்.